கடற்கரைப் பக்கமோ, வயல் பக்கமோ

செப்டம்பர் 14, ஞாயிறு

அண்ணையிடம் சொல்லிவிட்டேன். பூசை முடிந்து அவர் வீட்டில் சாப்பிடும்போது சுற்றிவளைக்காமல் சொன்னேன்: ரொடெலைக் கட்டப்போகிறேன், நவம்பரில், எங்கள் கத்தோலிக்கக் கோயிலில். ஹென்றி அண்ணை சோறு பிசைவதை நிறுத்தவில்லை. ஐம்பத்திரண்டு வயதில், புருஷன் செத்தவளுக்கு, அதுவும் பிலிப்பைன்ஸ்காரனோடு கலியாணமா என்று கேட்பார், நன்றாகக் கொடுக்கலாம் என்று பதில்களை அடுக்கி வைத்திருந்தேன். அவர் கேட்டது ஒன்றுதான்.

“எந்த ஊர்?”

எங்கள் சனத்தில் கலியாணப் பேச்சு வந்தால் ஊர் விசாரிக்கிற ஆள் அவர். மன்னாரில் யார் எந்த ஒழுங்கை, யார் எந்த வீட்டு ஆள் என்பதை மொன்றியலில் இருந்தபடியே போனில் பிடித்துவிடுவார். எத்தனை பேச்சுகளை அப்படி முறித்திருக்கிறார். இந்தமுறை போன் எடுக்க அவருக்கு ஆள் இல்லை. நினைக்கச் சிரிப்பாக இருந்தது.

செப்டம்பர் 17

விசாரிக்கிறாராம். நல்லா விசாரிக்கட்டும்.

செப்டம்பர் 21, ஞாயிறு

இணையத்தில் பிடித்ததை அண்ணை எனக்கு வாசித்துக் காட்டினார், கோர்ட்டில் குற்றம் வாசிப்பதுபோல. சான் ஒனோரியோ. கடலோர ஊர். வருடத்துக்கு இரண்டு போகம் நெல். விவசாயமும் மீன்பிடியும். புயல் அடிக்கடி, கடல் ஏறினால் வயலுக்குள் உப்பு. அரசாங்கக் கணக்கில் நாலாந்தர ஊர். அந்த நாலாந்தரத்தை மட்டும் திரும்பவும் வாசித்தார். அது நகரசபையின் வருமானத்தைப் பார்த்துப் போடுகிற தரம் என்றேன். காதில் போட்டுக்கொள்ளவில்லை.

உப்பைப் பற்றி எனக்கு முன்பே தெரியும். நானும் ரொடெலும் புவாண்ட்-கிளேரில் ஒரே கிடங்கில் வேலை. நான் பெட்டி கட்டுகிறேன், அவர் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார், பஸ்ஸும் ஒன்று. வயலில் உப்பு ஏறினால் என்ன செய்வீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். நல்ல மழை வந்து கழுவும், அதுவரை வலையை எடுத்துக்கொண்டு கடலுக்குப் போவோம் என்றார். அப்படிச் சொல்கிற ஆளைத்தான் கட்டப்போகிறேன். தரம் போட்டவன் கட்டவேண்டாம்.

செப்டம்பர் 28, ஞாயிறு

ரொடெல் வெள்ளைச் சேர்ட்டோடு அண்ணை வீட்டுக்கு வந்தார். தேங்காய்ப்பால் விட்டு அவித்த அரிசிக் கேக் கொண்டுவந்தார். அண்ணை குறை வைக்கவில்லை, தேத்தண்ணி, மீன் பற்றிஸ், எல்லாம் கொடுத்தார். கொடுத்துவிட்டு என்னைப் பார்த்து, “கேள். இவரின்ர ஆக்கள் கடற்கரைப் பக்கமோ, வயல் பக்கமோ?” என்றார்.

எங்கள் பக்கத்தில் கடலுக்குப் போகிறவனும் வயலுக்குப் போகிறவனும் ஒரே கோயிலில் முழங்காலில் நிற்பார்கள். பெண் மட்டும் கொடுக்கமாட்டார்கள். கேள்வியின் அர்த்தம் அதுதான். அதை இங்கிலீஷில் மாற்றிச் சொல்ல எனக்கு நாக்குக் கூசியது. சொன்னேன்.

ரொடெலுக்கு ஒன்றும் விளங்கவில்லை. தன் ஊரைப் பற்றி ஒருவர் கேட்கிறாரே என்று அத்தனை சந்தோஷம். உடனே தங்கச்சியை வீடியோவில் கூப்பிட்டார். அங்கே விடிந்திருந்தது. அவள் போனைப் பிடித்தபடி நடந்தாள். பெரிய றோட்டின் ஒரு பாதியில் நெல் காய்கிறது, மறுபாதியில் வாகனங்கள் ஊர்ந்து போகின்றன. வேலியில் வலை. வீட்டின் பின்னால் வயல், வயலுக்கு அப்பால் தென்னை, அதற்கு அப்பால் கடல். அப்பா வயல்காரர், அம்மா படகுக்காரர் வீட்டுப் பிள்ளை, நடவு வந்தால் எல்லோரும் வயலுக்கு, மீன் வந்தால் எல்லோரும் கடலுக்கு என்று ரொடெல் சொல்லிக்கொண்டே போனார்.

அவர் போனபிறகு அண்ணை சொன்னார்: “ஒண்டிலை நிண்டிருந்தாலும் யோசிச்சிருப்பன். ரெண்டும் எண்டால் ஆளை எங்கை வைக்கிறது?”

செப்டம்பர் 29

எங்கை வைக்கிறதாம். என்ர பக்கத்திலை வைக்கிறது! அந்த இடத்திலேயே சொல்லியிருக்கவேணும். ஏன் சொல்லேல்லை? வாயை மூடிக்கொண்டு கோப்பை கழுவினனான் — இவ்வளவு காலமும் கழுவின மாதிரி. இனி மூடமாட்டன்.

அக்டோபர் 5, ஞாயிறு

அண்ணை சமாதானம் பேச வந்தார். பிலிப்பைன்ஸ்காரரின் கோயிலில் சத்தமில்லாமல் முடிக்கட்டுமாம், தானே பக்கத்தில் நிற்பாராம். தமிழ்ப் பூசையில் மட்டும் அறிவிக்கக் கூடாதாம். எங்கள் பூசையில் கலியாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பெயர்களை வாசித்து, தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று கேட்பார்கள். இரண்டு பேரின் ஊரும் வரும். ஊர் வந்தால் விசாரணையும் வரும். இவ்வளவு காலமும் பிறத்தியாரை விசாரித்தவருக்கு இப்போது நடுக்கம்.

“வாசிக்கத்தான் வேணும், அண்ணை. ஊர் பேரோடை.”

அவர் கோட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். என்னையும் பிள்ளையையும் இந்த நாட்டுக்குக் கூப்பிட்டவர் அவர்தான். முதல் பனிக்குச் சப்பாத்து வாங்கித் தந்தவர். அவரை இழக்கப் பயமாக இருக்கிறது. பயந்தாலும் விடமாட்டேன்.

மகன் றஜிந்தன் லவாலில் இருந்து போன் எடுத்தான். ஃபிலிப்பினோ என்றபடியால்தான் மாமாவுக்குக் கோபம் என்று நினைக்கிறான். நான் திருத்தவில்லை.

அக்டோபர் 12, ஞாயிறு

முதல் தடவை வாசித்தாயிற்று. ஃபாதர் சான் ஒனோரியோவைத் தடக்குப்படாமல் சொன்னார். பின்வரிசை வாங்கில் யாரோ செருமினார்கள்.

அக்டோபர் 19, ஞாயிறு

இரண்டாவது. கோயில் மண்டபத்தில் அக்னெஸ் அக்கா கிட்ட வந்து, மாப்பிள்ளை எந்தப் பக்கம் என்று மெதுவாகக் கேட்டார். “ரெண்டு பக்கமும்” என்றேன், மூன்று மேசைக்குக் கேட்கிற மாதிரி.

அக்டோபர் 26, ஞாயிறு

மூன்றாவது. தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று ஃபாதர் கேட்டபோது முழுச் சனமும் அண்ணையைப் பார்த்தது. அவர் குனிந்துகொண்டிருந்தார். எழும்பவில்லை. என்னோடு கதைக்கவும் இல்லை.

நவம்பர் 8, சனி

கலியாணம் முடிந்தது. அண்ணை வரவில்லை. அவருக்கு விட்ட இடத்தில் கிடங்கு ஆட்கள் வந்து இருந்தார்கள், நான் எழுப்பவில்லை. அழுகை வந்தது, அழுதேன், பிறகு நன்றாகச் சாப்பிட்டேன்.

காலையில் நடந்ததை எழுதவேண்டும். றஜிந்தன் காரில் கூட்டிப்போக வந்தான். போகும்போது, மாமாவுக்கு ஃபிலிப்பினோ ஆட்களில் ஏன் இவ்வளவு வெறுப்பு என்று கேட்டான். வெறுப்பு அவர்களில் இல்லை என்று சொல்லி, முதன்முறையாக அவனுக்கு எல்லாம் சொன்னேன். கடல், வயல், பெண் கொடுக்காதது, மாமா முறித்த பேச்சுகள். பகிடி விடுகிறேன் என்று சிரித்தான். பிறகு என் முகத்தைப் பார்த்தான்.

“அப்ப நாங்கள் எது, அம்மா?”

நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். அப்படித்தான் என்னை வளர்த்தார்கள்.

“மறந்துபோனன்.”

“நீங்கள் ஒண்டையும் மறக்கிற ஆள் இல்லையே.”

“இதை மறந்திட்டன். நீ ஓட்டு, ரொடெல் பாத்துக்கொண்டு நிப்பார்.”

அதை இந்தக் கொப்பியிலும் எழுதமாட்டேன். அவன் ஒருநாள் எடுத்து வாசித்தாலும் தேடிக் களைத்துப்போகட்டும்.