அன்றைக்குத் தமிழில் பேசினேன்

அண்ணனுக்கு,

என் குரலை வைத்துத்தான் நீயும் அப்பாவும் லோகேஷைப் பிடித்தீர்கள். நம் ஜாதியில்லாத ஒரு கன்னடப் பையன் என்னைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டான், அவ்வளவுதான் அவன் குற்றம்.

போனை ஸ்பீக்கரில் போட்டு நீதான் என் கையில் கொடுத்தாய். "சாமுண்டி மலை அடிவாரத்துக்கு வரச் சொல்லு கண்ணு. சும்மா பேசித்தான் அனுப்புவோம்" என்றார் அப்பா. அவர் என்னைக் கண்ணு என்று கூப்பிட்டு எத்தனை வருஷமாயிற்று!

நானும் அவனும் கன்னடத்தில்தான் பேசுவோம். ஏதோ சரியில்லை என்று அவனுக்குப் புரியட்டும் என்றே அன்றைக்குத் தமிழில் பேசினேன். அவன் சிரித்தான். "அப்பா ஒத்துக்கிட்டாரா? இப்பவே வர்றேன்" என்று அரைகுறைத் தமிழில் சொல்லிப் போனை வைத்துவிட்டான். எங்கள் வீட்டில் சம்மதிக்கிற அன்றைக்குத் தமிழில் பேசுகிறேன் என்று எப்போதோ அவனிடம் நான் விளையாட்டாகச் சொன்னது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது.

திரும்பி வந்ததும் உன் சட்டையை நீயே துவைத்தாய். ஜன்னல் வழியே பார்த்தேன். இந்த வீட்டில் நீ துணி துவைத்து நான் பார்த்ததேயில்லை.

சோற்றுத் தட்டை உள்ளே தள்ளித் தாழ்ப்பாள் போட்ட பிறகும் கொஞ்ச நேரம் நிற்கிறாய். கதவுக்கு அடியில் உன் கால் தெரிகிறது. நேற்று வாயால் கேட்டேன், கால் நகர்ந்து போய்விட்டது. அதனால் இன்று எழுதி அதே இடுக்கில் தள்ளுகிறேன்.

கதவைத் திறக்க வேண்டாம். லோகேஷ் உயிரோடு இருக்கிறானா, அதை மட்டும் சொல்.

உன் தங்கை

இன்னும் நிற்கிறாய். சொல்லு அண்ணா.