கடல் ராசாவின் தூதன்

நகோயா
2025.05.04

அன்பின் மர்ஷூதாவுக்கு,

உன் கடிதம் பதினாறு நாளில் வந்து சேர்ந்தது. நம்முடைய சட்டம் மாறாதது: வீட்டுக் கதை போனில், அதிசயம் கடிதத்தில். ஆகவே நேரே விசயத்துக்கு வருகிறேன்.

ஒன்று. இந்த நாட்டுக் காகங்கள் கூடு கட்டுவது குச்சியால் அல்ல. சட்டை மாட்டும் கம்பிக் கொளுக்கியால். நேற்று என்னுடையதில் ஒன்றும் போய்விட்டது, சட்டையை மட்டும் விட்டுவைத்திருந்தது, அந்த மட்டில் நல்ல காகம்.

இரண்டு. நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் கடல்நாய் வடிவத்தில் ஒரு ரோபோ இருக்கிறது. தடவினால் முனகும். தொண்ணூற்றொரு வயது அம்மா ஒருவர் அதற்குத் தினமும் சோறு ஊட்டப் பார்க்கிறார். சாப்பிடவில்லை என்று என்னைத்தான் ஏசுகிறார்.

மூன்றாவதுதான் உனக்கு. ஆழ்கடலில் துடுப்பு மீன் என்று ஒன்று, நாடாபோல நீளம், நெற்றியில் சிவப்புக் கொண்டை. அது கரையில் ஒதுங்கினால் இங்கே பழைய ஆட்கள் சொல்வார்களாம்: கடல் ராசா தூதன் அனுப்பிவிட்டார், நிலம் ஆடப்போகிறது, மூட்டையைக் கட்டுங்கள் என்று. ஆராய்ச்சிக்காரர்கள் பழைய பதிவுகளையெல்லாம் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டார்கள், இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லையாம்.

அப்பாவுக்கு இதைச் சொல்லவில்லை. அம்மாவைக் கடல் கொண்டுபோய் இருபது வருசம் தாண்டியும் அவர் கடல் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை. தம்பி பவிதரன் கேலி செய்தாலும் தலையணையை மாற்றமாட்டார். காரைதீவுப் பக்கம் போனால் அவரை ஒரு எட்டுப் பார்த்து வா.

அன்புடன்,
தர்சிகா

---

சாய்ந்தமருது
2025.05.27

அன்பின் தர்சிக்கு,

அல்லாஹ்வின் காவலில் நாங்கள் சுகம். உன் காகத்தை எங்கள் வீட்டுக்கு அனுப்பு, இங்கே சியாமின் சட்டைகள் எல்லாம் நிலத்தில்தான் கிடக்கின்றன. கட்டிய மனுசனைத் திருத்த முடியாது, காகமாவது வந்து பார்க்கட்டும்.

உன் அப்பாவைப் பார்த்தேன். நல்லரெத்தினம் மாமா வாசலில் நின்று, "என்ன புள்ள, ஒண்ட கூட்டாளி என்ன சொல்றாள்?" என்று கேட்டார். காகக் கதையைச் சொன்னேன், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். மீனை நானும் சொல்லவில்லை.

என் பங்கு: ஆமை முட்டை கிடக்கும் மணல் சூடாக இருந்தால் பொரிப்பதெல்லாம் பெண்ணாம். இந்த வருசம் வெயிலைப் பார்த்தால் கடலில் மாப்பிள்ளைப் பஞ்சம் நிச்சயம். இன்னொன்று, பள்ளிக்கூடத்தில் நான் படிப்பிக்கும் எட்டாம் ஆண்டுப் பிள்ளைகள் சுவர்ப்பத்திரிகைக்குச் செயற்கை நுண்ணறிவிடம் கட்டுரை கேட்டார்கள். கல்முனை பனிமலைக்குப் பேர்போன ஊர் என்று அது எழுதித் தந்தது. அதை வெட்டாமல் அப்படியே ஒட்டினேன், அதிபர் மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை.

தாய்மாருக்கு வாட்ஸ்அப்பில் 'அறிவுத் துளி' என்று ஒரு குழு தொடங்கியிருக்கிறேன். இருநூறு பேர் சேர்ந்துவிட்டார்கள். உன் அதிசயங்களை அதில் போடுவேன், பேரும் புகழும் எனக்கு.

ஒரு வாரமாகக் கடல் ஒரு மாதிரி. வலையில் மீனைவிடப் பாம்புதான் கூட. கிணறும் ஒரு முழம் இறங்கியிருக்கிறது. சியாம் காற்று மாறுவதால்தான் என்கிறார். ஆனால் தெருவில் இரண்டு பெண்கள் நின்றால் கதை அதுதான்: திரும்பவும் கடல் வரப்போகிறதோ என்று.

உன்,
மர்ஷூதா

---

நகோயா
2025.06.22

மர்ஷூதா,

பத்து நாளாக உன்னைப் போனில் அழைக்கிறேன், நீ எடுக்கவில்லை. உனக்குக் காய்ச்சலோ என்று தங்கை கிருசிகாவிடம் கேட்டேன், இல்லை, வேலைக்குப் போகிறாய் என்றாள். அதனால் எழுதுகிறேன்.

அப்பாவின் இறுதிச் சடங்கைப் போனில் பார்த்தேன். பவிதரன் ஒரு கையில் போனையும் மறு கையில் கொள்ளியையும் பிடித்துக்கொண்டு நின்றான். எனக்கு லீவு தரவில்லை. அன்று பின்னேரமும் இல்லத்தில் அந்தத் தொண்ணூற்றொரு வயது அம்மாவுக்கு நான்தான் சோறு ஊட்டினேன்.

நடந்ததை ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். ஏதோ ஒரு மீன் படம் போன் போனாகப் போனதாம். சனம் வீதிக்கு வந்ததாம். பயப்படவேண்டாம் என்று சொல்லத்தான் உங்கள் பள்ளிவாசல் ஒலிபெருக்கியைப் போட்டார்களாம். பாங்கு நேரம் இல்லாத நேரத்தில் அது கரகரத்தால் நம் ஊர்ச் சனம் நின்று கேட்குமா? சுனாமிக்குப் பிறகு யார் கேட்டிருக்கிறார்கள்? முதல் சொல்லோடு ஓடிவிட்டார்கள். அப்பா சைக்கிளை மிதித்து வயல் பக்கம் போய், வாய்க்கால் கட்டில் இருந்தவர் எழும்பவில்லை.

கடல் வரவில்லை. அது வந்திருந்தால்கூட எனக்கு ஒரு ஆறுதல் இருந்திருக்கும்.

அந்தப் படத்தை முதலில் போட்டது யார்? நீ அந்த ஊரில் எல்லாரையும் அறிந்தவள். எனக்காகக் கண்டுபிடித்துச் சொல்.

தர்சிகா

---

சாய்ந்தமருது
2025.07.06

அன்பின் தர்சிக்கு,

எப்படி எழுதுவது என்று தெரியாமல் மூன்று தாளைக் கிழித்தேன். மாமாவின் வீட்டுக்குப் போனேன், தெரு முனையோடு திரும்பிவிட்டேன். பவிதரன் முற்றத்தில் நின்றான். போன் பழுதாகிப் போயிருந்தது, அதுதான் எடுக்க முடியவில்லை.

யார் போட்டது என்று எப்படிச் சொல்வது, ஒன்று நூறாகிப் பரவுகிறது. இனிமேல் அதைத் தேடி என்ன வரப்போகிறது? நீ உடம்பைக் கவனி, நேரத்துக்குச் சாப்பிடு.

மனதை வேறு பக்கம் திருப்பத்தான் இதை எழுதுகிறேன்: எட்டுக் கால் பேய்க்கணவாய்க்கு மூன்று இதயமாம். நீந்தும்போது அதில் ஒன்று நின்றுவிடுமாம்.

துஆவில் உன்னை மறப்பதில்லை.

மர்ஷூதா

---

நகோயா
2025.07.20

மர்ஷூதா,

கணவாய் உன்னோடு இருக்கட்டும்.

பவிதரன் பேய் பிடித்தவன்போல இருக்கிறான். யாருக்கு யார் அனுப்பியது என்று ஒவ்வொரு போனாக வாங்கி, நேரத்தைப் பார்த்துப் பின்னோக்கிப் போகிறான். சாய்ந்தமருதில் தாய்மாரின் குழு ஒன்று வரை வந்துவிட்டானாம். அதற்குள் அவனுடைய கூட்டாளிகள் வேறு கதை எழுதத் தொடங்கிவிட்டார்கள்: சோனகர் பள்ளிவாசலில் இருந்து வேண்டுமென்றே தமிழ்ச் சனத்தை வெருட்டினார்கள் என்று. எல்லை வீதியில் பொடியன்மார் கூடி நிற்கிறார்களாம். கிருசிகா உன் ஊர்க் கடைக்குப் போகவே பயப்படுகிறாள்.

ஒரு பெயர் கிடைத்தால் இது ஒரு ஆளோடு நிற்கும். கிடைக்காவிட்டால் இரண்டு ஊரும் எரியும். உனக்கு விளங்குகிறதா?

புரட்டாதியில் எனக்கு லீவு. வந்து அப்பாவின் படத்துக்கு முன்னால் இருக்கவேண்டும். அதற்கு முன் எனக்கு உண்மை வேண்டும். உன் போன் பழுதில்லை என்று எனக்குத் தெரியும்.

தர்சிகா

---

சாய்ந்தமருது
2025.08.03

தர்சி,

நான்தான்.

அன்று பின்னேரம், அசர் தொழுகை முடிந்த நேரம். கரைவலையில் நாடாபோல நீளமாக ஒரு சாவாளை மீன் பட்டது. சியாம் அதைத் தோளில் துண்டுபோலப் போட்டுக்கொண்டு வாசலில் வந்து நின்றார். அது சாவாளை என்று எனக்கு நன்றாகத் தெரியும். இந்த ஊரில் அதைத் தின்னாத வீடு இல்லை. கொண்டைக்குச் சிவப்புக் கடதாசி ஒட்டிப் படம் எடுத்தேன். கீழே உன் வரியைப் போட்டேன்: கடல் ராசா தூதன் அனுப்பிவிட்டார், மூட்டையைக் கட்டுங்கள்.

ஒரு சம்பந்தமும் இல்லையாம் என்ற கடைசி வரியை விட்டுவிட்டேன். மறக்கவில்லை. அதைப் போட்டால் பகிடி கெட்டுப்போகும் என்று நினைத்தேன். யாராவது பயந்து கேட்டால் பிறகு சொல்லிச் சிரிக்கலாம் என்று தேநீர் போடப் போனேன். தேநீர் கொதிக்கவில்லை, அதற்குள் பின்வீட்டு உம்மா "கடல் வருகுதாம்! புள்ளையளத் தூக்குங்க!" என்று கத்திக்கொண்டு ஓடினார். நான் அழித்தேன். அழித்தும் என்ன, அது எல்லை தாண்டிப் போய்விட்டது. ஒலிபெருக்கி கரகரத்தபோது என் காலும் ஓடியது தர்சி. பொய் என்று தெரிந்த ஒரே ஆள் நான், நானும் ஓடினேன்.

மாமா மௌத்தான செய்தி பொழுதுபட்டு, மஃரிப் தொழுகைக்குப் பிறகு வந்தது. சியாமிடம் சொன்னேன். "வாயத் துறக்காத, ஊரே நம்மளக் கிழிச்சிடும்" என்றார். ஏழு கிழமை வாயைத் திறக்கவில்லை. உன்னிடம் ஒளித்ததுதான் எனக்குள் கொதிக்கிறது.

பவிதரனுக்கு என் பெயரைக் கொடு. பள்ளிவாசலை விட்டுவிடச் சொல். அவர்கள் காப்பாற்றத்தான் பார்த்தார்கள்.

மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் இல்லை.

மர்ஷூதா

---

நகோயா
2025.08.17

மர்ஷூதா,

எனக்கு முதல் நாளே தெரியும்.

அந்தப் படத்தைக் கிருசிகா எனக்கு அனுப்பினாள். நான் வேலைக்குள் நுழையப்போகும் நேரம், போனைப் பெட்டியில் வைத்துப் பூட்ட இரண்டு நிமிசம் இருந்தது. பார்த்தவுடன் சிரிப்பு வந்தது. சியாமின் தோள், உன் வீட்டு வாசல், என்னுடைய வரி. யார் என்று கேட்க வேண்டிய தேவையே இருக்கவில்லை.

சிரித்துக்கொண்டே அதை அப்பாவுக்கு அனுப்பினேன். நான்தான் அனுப்பினேன், மர்ஷூதா. "அப்பா கவனம்" என்று மட்டும் எழுதினேன். இது மர்ஷூதாவின் பகிடி என்று அடுத்த வரி எழுத நினைத்தேன், மேற்பார்வையாளர் கூப்பிட்டார், பூட்டிவிட்டுப் போனேன்.

வேலை முடிந்து திறந்தபோது அப்பாவின் குரல் பதிவு ஒன்று கிடந்தது. மூச்சிரைக்கிறது, பின்னால் சனம் கத்துகிறது, ஒலிபெருக்கி கேட்கிறது. "புள்ள, நீ அனுப்பினத்தப் பாத்திட்டன். நீ சொன்னாச் சரியாத்தான் இருக்கும், அங்க உள்ளாக்களுக்குத் தெரியும்தானே. நான் வெளிக்கிட்டன், நீ பயப்பிடாத. அண்டைக்கு ஒங்கட அம்மாக்குச் சொல்ல ஒருத்தரும் இருக்கல்ல. எனக்கு நீ இருக்காய்."

இதை வைத்துக்கொண்டுதான் உன்னிடம் பெயர் கேட்டேன். நீ சொன்னால் நானும் சொல்வேன் என்று இருந்தேன். நீ சொல்லாத ஒவ்வொரு நாளும் எனக்கு நல்லதாகவும் இருந்தது. அந்த ஈனத்தனத்தையும் தெரிந்துகொள்.

நேற்றுப் பவிதரனுக்கு எல்லாவற்றையும் அனுப்பினேன், உன் கடிதத்தின் படம், அப்பாவின் குரல் எல்லாம். பள்ளிவாசல் மீது எழுதியதை எல்லாரும் அழிக்கவேண்டும் என்று கேட்டேன். இன்று காலை அழித்துவிட்டார்கள் என்று கிருசிகா சொன்னாள். எனக்கு அவன் ஒரே ஒரு வரி அனுப்பினான்: "அக்கா, நீ இனி இந்த வீட்டுக்கு வராத."

லீவு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

நீ போகலாம், பக்கத்தில்தானே இருக்கிறாய். தெரு முனையோடு திரும்பாதே. அவன் ஏசினால் கேள். கதவைச் சாத்தினால் வெளியே நில். எனக்கும் சேர்த்து நில்.

தர்சிகா