உதாரணம் என்று காதில் விழுந்த சொல்

இன்னும் என் வாய் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும் என் மச்சானுக்கு,

கடையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தீர்களே, ஐந்து மாதம் ஆகிவிட்டது. மட்டாஞ்சேரிக் கடையை இப்போது மகன்தான் திறக்கிறான். சுக்கு மூட்டையைப் பிரித்தால் உங்கள் சட்டை வாசம் வருகிறது. நன்றாக இருக்கிறேன் என்று பொய் சொல்ல உங்களைப்போல் எனக்கு வராது.

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு அனுப்பிய நாள் நினைவிருக்கிறதா? புரோஸ்டேட்டை எடுத்தாயிற்று, புற்று போய்விட்டது என்று டாக்டர் சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "உத்தாரணக்குறவு உண்டாவும். விஷமிக்கண்டா" என்றார், வருத்தப்பட வேண்டாமாம். அந்த முதல் சொல் என்ன என்று ஆட்டோவில் கேட்டேன். "உதாரணம் கொறவாம்டி. நம்ம பக்கம் இந்த ஆபரேஷன் பண்ணவங்க கம்மியாம்" என்றீர்கள். நாற்பது வருஷம் மலையாளம் பேசியும் அந்தச் சொல் எனக்குத் தெரியவில்லை. வெளுத்ததெல்லாம் பால் எனக்கு, நம்பிவிட்டேன்.

அந்த மாதமே உங்கள் பாய் மாடிக்குப் போனது. "இங்க காத்து இல்ல" என்றீர்கள். தோளில் கை வைத்தால் தட்டிவிட்டீர்கள். என்னைப் பிடிக்காமல் போய்விட்டது என்று முடிவு கட்டினேன். இரண்டு வருஷம் அப்படியே போனது. பெருநாளன்று கேட்டேவிட்டேன், "வேற எவளாச்சும் இருந்தா அங்கயே போயிருங்களேன்" என்று. நீங்கள் சோற்றுத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்து போனீர்கள். நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், நான் சொல்லையல்லவா கொட்டினேன்?

போன வாரம் கடை மேசைக்குள் சில காகிதங்கள் கிடைத்தன. இடப்பள்ளியில் ஏதோ ஒரு கிளினிக் என்று மேலே இங்கிலீஷில் இருந்தது, பக்கத்தில் தேதிகள். கலூருக்கு ஆள் பார்க்கப் போகிறேன் என்று கிளம்பிய மூன்று தடவையும் அங்கேதான் போயிருக்கிறீர்கள். மற்றதெல்லாம் மலையாள எழுத்து, அது எனக்கு வராது என்பதால் ஆபரேஷன் செய்த டாக்டரிடமே எடுத்துப் போனேன்.

அவர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். உங்கள் உடம்பிலிருந்தே ஸ்டெம் செல் எடுத்து, அந்த இடத்தில் ஊசியாகப் போட்டிருக்கிறார்களாம். ஆபரேஷனில் அடிபட்ட நரம்பு மறுபடி தழைக்கும் என்ற நம்பிக்கையில். "இது இப்போழும் பரீட்சணம் மாத்ரம். ஒரு உறப்பும் இல்ல" என்றார், இன்னும் சோதனைதானாம், பலிக்கும் என்று உறுதி இல்லையாம். எதற்கு இந்த ஊசி என்று கேட்டேன். மறுபடியும் அதே சொல்லைச் சொன்னார். "உதாரணமா, டாக்டரே?" என்றேன். அவர் தலை குனிந்துகொண்டு பச்சையாகவே விளக்கினார். ஆண்மை எழாமல் போவதற்கு மலையாளத்தில் அதுதான் பெயராம்.

மூன்று ஊசி, மச்சான்! எனக்காகவா? எனக்கு அது வேண்டும் என்று உங்களிடம் யார் சொன்னது? பக்கத்தில் படுத்து, என் கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு, கடைக்கு வந்தவன் போனவன் கதையைச் சொல்லியிருந்தால் போதாதா? கோபம் கோபமாக வருகிறது. அதைக் காட்டவும் நீங்கள் இல்லை.

தங்கை மாப்பிள்ளைக்கு அடுத்த வாரம் இதே ஆபரேஷன். அவளைத் தனியே உட்காரவைத்து, அந்தச் சொல்லையும் அதன் அர்த்தத்தையும் வெட்கப்படாமல் சொல்லிவிடுவேன், இது சத்தியம். அவர் பாயைத் தூக்கினால் நீயும் உன் பாயைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போடி என்பேன். நான் போகவில்லையே, மச்சான். பதினான்கு படிதான் இருந்தது.

கீழேயே படுத்திருந்த
உங்கள் பெண்டாட்டி,
சுபைதா