உங்கள் பொம்மைக்குக் கால் வரைந்துவிட்டேன், அண்ணி

பேயைப் பார்த்தால் சிரிக்கிற என் செல்ல அண்ணிக்கு,

உட்கார முடியவில்லை அண்ணி. உட்கார்ந்தால் எழுந்துகொள்கிறேன். எழுந்தால் எதற்கு எழுந்தேன் என்பது மறந்துபோகிறது. நேற்று ஃப்ளெக்ஸ் கடையில் ஒரு காதுகுத்து பேனரில் தாய்மாமன் பெயரை விட்டுவிட்டு அச்சுக்கு அனுப்பிவிட்டேன். தாய்மாமன் சும்மா விடுவாரா? கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்கிற மாதிரி கத்தினார். நீங்கள் இருந்திருந்தால் அன்றைக்கு முழுக்க அவரைப் போலப் பேசிக் காட்டியிருப்பீர்கள்.

சேதி இதுதான். நம் மலை பங்களாப் படம் டிஸ்க்காக வரப்போகிறது. கல்வராயன் மலையில் எடுத்த அதே பழைய பேய்ப்படம்தான். கீறல் விழுந்த சிடியில் நின்று நின்று ஓடியதையே நாம் எத்தனை தடவை பார்த்தோம்! சென்னைக்காரர் ஒருவர் பிலிம் சுருளைத் தேடிப் பிடித்து, சுத்தம் செய்து, ப்ளூரேவாகப் போடுகிறார். கன்னங்கரேலென்று இருந்த இடத்தில் எல்லாம் இப்போது மரம் தெரிகிறது, பாறை தெரிகிறது. பேயின் சவுரிமுடியில் குத்தின ஹேர்பின்கூடத் தெரிகிறது அண்ணி! பார்த்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பீர்கள்.

அந்த டிஸ்க்கில் நாமும் இருக்கிறோம், நம் யூடியூப் சேனலுக்கென்று நாம் பேசிப் பதிவு செய்ததை அவர் கேட்டு வாங்கிச் சேர்க்கிறார். படம் ஓட ஓட நாம் இருவரும் பேசிக்கொண்டே வருவோம், ஓரத்தில் நம் கார்ட்டூன் பொம்மைகள் வாயசைக்கும், நம் சேனலில் செய்கிற மாதிரியே. நீங்கள் பேசியது வரைக்கும் பத்திரமாக இருக்கிறது. கடைசிப் பகுதி மட்டும் இல்லை. அன்றைக்குக் கரண்டு போய்விட்டது. "வுடு, நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றீர்கள். மறுநாள் காய்ச்சல் என்று படுத்தவர் எழுந்திருக்கவேயில்லை.

இதை நம் சேனல் பார்க்கிறவர்களும் படிப்பார்கள். அவர்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். நாங்கள் பேய்ப்படம் பார்ப்பது உச்சிவெயிலில். அண்ணன் கரும்பு ஏற்றிக்கொண்டு டிராக்டரில் போனதும் அண்ணி கதவைச் சாத்துவார். அலமாரியில் இருக்கிற மாதா சுரூபத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைப்பார். "நம்மதான் பைத்தியம். அவங்க எதுக்குப் பாவம் பயப்படணும்?" என்பார். அப்புறம்தான் படம்.

அதற்கு ஒரு சட்டமும் உண்டு. பயங்கரமான இடம் வந்தால் ஒருத்தி கண்ணை மூடிக்கொள்ளலாம். இன்னொருத்தி கட்டாயம் பார்க்க வேண்டும். பேய் போனதும் "போயிட்டுது, கண்ணத் தொற" என்று சொல்ல வேண்டும், பொய் சொல்லக் கூடாது. அடுத்த இடத்தில் முறை மாறும்.

பொம்மைகளை வரைந்தது நான். பேனருக்குப் படம் போட்டுப் பழகின கை. இடுப்புக்குக் கீழே என்ன வரைவது என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போது நீங்கள்தான் சொன்னீர்கள்: "பேய்க்கு ஏதுடி காலு? புகையா வுட்ரு. உனுக்கும் வேல மிச்சம்." அப்படித்தான் நாம் இரண்டு பேரும் புகைமேல் மிதக்க ஆரம்பித்தோம்.

சென்னைக்காரர் ஒரு துண்டு வீடியோ அனுப்பி, வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் அண்ணனிடம் போனை நீட்டினேன். உங்களுக்குத்தான் தெரியுமே, அவர் நம் வீடியோ ஒன்றைக்கூடப் பார்த்தவர் இல்லை. பேய்ப்படம் என்றாலே மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விடுகிற ஆள். சத்தத்தைக் குறைக்கச் சொல்லிவிட்டுப் படத்தை மட்டும் பார்த்தார்.

"இன்னாடி இது?"

"அண்ணியும் நானும்ணா."

"காலு எங்க?"

"பேய் பொம்மைண்ணா, காலு இருக்காது. அண்ணிதான் வேணாம்னாங்க."

முகம் சுருங்கிப்போய்விட்டது. "அப்ப அவ உசுரோட இருந்தா. வெளையாட்டு. இப்ப செத்துப்போனவள காலு இல்லாம காட்டுனா அதுக்குப் பேரு இன்னா? அவ ஆத்மா மோட்சத்துக்குப் போவணும்னு நான் பூசை வெச்சிக்கினு கீறேன். நீ அவளப் பேயாக்கி வூடு வூடா அனுப்பப் போறியா? காலு வரை. இல்லனா அவள அதுலருந்து எடுத்துடு."

எனக்குக் கோபம்தான் வந்தது. பொம்மையைப் பற்றி இவருக்கு என்ன தெரியும் என்று முணுமுணுத்துக்கொண்டே கடைக்குப் போனேன். ஆனால் போகிற வழியெல்லாம் அந்தக் கேள்வியே கூட வந்தது. கேட்டது சரிதானே அண்ணி? நீங்கள் சிரித்துக்கொண்டு சொன்ன அதே விஷயம் இப்போது சிரிப்பாக இல்லையே. உங்களை எடுத்துவிட்டால் அந்தப் படத்தில் நான் மட்டும் தனியாகப் பேசிக்கொண்டிருப்பேன். அதை என்னால் தாங்க முடியாது.

சென்னைக்காரரிடம் கேட்டேன். பொம்மை மிதக்கிற மாதிரியே எல்லாம் செய்தாகிவிட்டது, கால் வைத்தால் அசைவு மொத்தத்தையும் மறுபடி செய்ய வேண்டும், அச்சுக்கு அனுப்புகிற நேரம் வந்துவிட்டது என்றார். நானே செய்கிறேன் என்றேன். கடைசிப் பகுதிக்கு உங்கள் குரலைக் கம்ப்யூட்டரிலேயே செய்துவிடலாமா என்றும் கேட்டார். "அது மட்டும் வேணாங்க" என்று போனை வைத்துவிட்டேன்.

சவடாலாகச் சொல்லிவிட்டேனே தவிர, வரைய உட்கார்ந்தால் ஒன்றும் வரவில்லை. முதலில் ஒரு புடவைக்கடை பேனரிலிருந்து கால்களை எடுத்து ஒட்டிப் பார்த்தேன். யாரோ ஒருத்தி உங்கள் முகத்தோடு நின்றாள். அழித்தேன். என் காலைப் பார்த்து வரைந்தேன். அதுவும் நீங்கள் இல்லை.

உங்கள் கால் எப்படி இருக்கும் அண்ணி? ஒரே வீட்டில் இருந்தோம், ஒரே தட்டில் பொரி தின்றோம், எனக்குத் தெரியவில்லையே. உங்கள் புடவை எப்போதும் தரையைக் கூட்டிக்கொண்டு போகும். கல்யாண ஆல்பம் முழுக்கப் புரட்டினேன், ஒன்றிலும் கால் இல்லை. கண்ணீர் அஞ்சலி பேனரையும் நானே, நம் கடையிலேயே, அழுதுகொண்டே செய்தேன். அதிலும் இரண்டு புறா, ஒரு மெழுகுவர்த்தி, நடுவில் மார்பு வரைக்கும் நீங்கள்.

வேறு வழியில்லாமல் அண்ணனைத் தேடி மூங்கில்துறைப்பட்டுக்குப் போனேன். சர்க்கரை ஆலைக்கு வெளியே கரும்பு டிராக்டர்கள் வரிசையாக நின்றுகொண்டிருந்தன. அண்ணன் டிரெய்லர் நிழலில் துண்டை விரித்துப் படுத்திருந்தார். உங்கள் கால் எப்படி இருக்கும் என்று கேட்டேன். எழுந்து போய் சீட்டுக்குக் கீழே இருக்கிற டூல்ஸ் பெட்டியைத் திறந்தார். ஸ்பேனர்களை ஒதுக்கிவிட்டு ஒரு துணிமூட்டையை எடுத்துக் கையில் கொடுத்தார்.

உங்கள் ரப்பர் செருப்பு. கொல்லைக்குப் போட்டுக்கொண்டு போவீர்களே, நீல வார் வைத்தது. உங்கள் அம்மா உங்கள் சாமான்களை எடுத்துப்போக வந்தபோது இதை மட்டும் இவர் ஒளித்து வைத்திருக்கிறார், பாருங்களேன்! தேய்ந்த ரப்பரில் விரல் பதிந்த குழிகள் அப்படியே இருந்தன. வலதில் ஐந்து. இடதில் நான்குதான்.

"சுண்டு வெரலு எங்கண்ணா?"

"அது பக்கத்து வெரலு மேல ஏறிக்கினு இருக்கும். பொறந்ததுலருந்தே அப்படி. வெக்கம் அவளுக்கு. அதுக்குத்தான் பொடவய தழையத் தழையக் கட்டுவா. உனுக்குத் தெரியாதா?"

தெரியாது அண்ணி. எனக்கு வேலை மிச்சம் என்றுதான் கால் வேண்டாம் என்றீர்களா? இல்லை, இதற்காகவா? நீங்கள் மறைத்ததை நான் எல்லோருக்கும் காட்டலாமா? அதையும் அண்ணனிடம் கேட்டுவிட்டேன்.

"தெரிஞ்சா தெரியட்டும்டி. அது அவ காலு." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "செருப்பு போட்டு வுடு" என்றார்.

செருப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரைந்தேன். கால் ஊன்றினால் இடுப்பு அசைய வேண்டும், இடுப்பு அசைந்தால் தோள் அசைய வேண்டும். புகைமேல் மிதந்த காலத்தில் இந்தத் தொல்லையே இல்லை, உங்களைத் திட்டிக்கொண்டேதான் செய்தேன். உங்கள் பொம்மைக்கு மட்டும்தான் கால். என்னுடையது இன்னும் புகைமேல்தான் மிதக்கிறது. உயிரோடு இருக்கிறவளைப் பேயாகக் காட்டினால் யாருக்கு என்ன போச்சு?

இன்றைக்கு மத்தியானம் அண்ணன் வீட்டில் இருந்தார். முடித்துவிட்டேன், பார்க்கிறீர்களா என்று கேட்டேன். எழுந்தார். மாட்டுக்குத் தண்ணி காட்டத்தான் போகிறார் என்று நினைத்தேன். அலமாரிக்குப் போய், மாதா சுரூபத்தை இரண்டு கையாலும் எடுத்து, சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். அவருக்கு இது எப்படித் தெரியும்? நீங்கள் சொல்லியிருக்கிறீர்களா?

முதலில் காலைத்தான் பார்த்தார். "சுண்டு வெரலு இன்னும் கொஞ்சம் உள்ள சாஞ்சாப்ல இருக்கும்" என்றார். திருத்தினேன். "ஆங்" என்றார். அப்புறம், "சவுண்டு வையி."

வைத்தேன். மலை பங்களாவின் மாடிக்கதவு திறக்கிற இடம். பேய் வரப்போகிறது என்று தெரிந்ததும் அண்ணன் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார், முஷ்டியை மடக்கிக்கொண்டு, சின்னப் பிள்ளை ஊசிக்கு உட்கார்ந்திருக்கிற மாதிரி. அதில் கண் மூடுகிற முறை என்னுடையது, பார்க்கிற முறை உங்களுடையது. பேய் போயிற்று. உங்கள் குரல் வந்தது: "போயிட்டுது, கண்ணத் தொற."

அண்ணன் கண்ணைத் திறந்தார். நீங்கள் தரையில் நின்றுகொண்டிருந்தீர்கள்.

"இன்னொரு தபா வையி" என்றார்.

கடைசிப் பகுதியில் கண் மூடுகிற முறை உங்களுடையது அண்ணி. நாளைக்கு நான் தனியாகப் பேசிப் பதிவு செய்யப்போகிறேன். உங்கள் பொம்மை செருப்பு போட்டுக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு என் பக்கத்திலேயே நிற்கும். பயப்படாதீர்கள், நான் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருப்பேன். எல்லாம் போனதும் நானே சொல்கிறேன். பொய் சொல்ல மாட்டேன்.

இன்னும் மிதந்துகொண்டிருக்கும்
உங்கள் நாத்தனார்,
ஸ்டெல்லா