சீராக வந்த ஜீப்பின் கமான் புஷ்

பரமக்குடி,
ஆடி மாதம், 1998

1. இதை எழுதுபவன் பரமக்குடியில் வக்கீல் தொழில் செய்யும் ராமசுப்பிரமணியன். மஸ்கட்டில் வேலை பார்க்கும் நாகநாதனுக்கும், உப்பூரில் வாழ்க்கைப்பட்ட செவ்வந்திக்கும் தகப்பன்.

2. நான் கண்ணால் கண்டதைக் கண்டேன் என்றும், பிறர் சொன்னதைச் சொன்னார்கள் என்றும் பிரித்தே எழுதியிருக்கிறேன்.

3. கோபம் தணியும்வரை காத்திருந்து, அதன் பிறகே பேனாவை எடுத்தேன்.

அன்புள்ள நாகநாதனுக்கு அய்யா எழுதுவது. நீ சுகமாக இருப்பதை உன் கடிதத்தால் அறிந்தேன், அப்படியே இருப்பாயாக. இங்கே சுகமாக இருப்பவர்களை மட்டும் சொல்வதென்றால் நானும் பசுமாடும் சுகம். உன் அம்மாவுக்குச் சர்க்கரை கூடியிருக்கிறது, மாத்திரையை மாற்றியிருக்கிறார்கள். மிளகாய் இந்த வருடம் பரவாயில்லை. செவ்வந்தியை மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து உப்பூருக்குக் கூட்டி வந்துவிட்டோம். இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள் என்று முன்பே தந்தி கொடுத்திருந்தேன். அதற்கு நீ எழுதிய பதிலில், மாப்பிள்ளைக்கு ஜீப் ஓட்டப் பழக்கம் போதாது, வேகமாகப் போயிருப்பார், நான் நல்ல வண்டியாகத்தான் கொடுத்தேன் என்று இருக்கிறது. அந்தக் கடைசி வாக்கியத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

நடந்தது உனக்குத் தெரியும், ஆனாலும் வரிசையாக இருக்கட்டும். மாசியில் செவ்வந்தியின் மகனுக்குக் காது குத்தினார்கள். லீவில் வந்திருந்த நீ தாய்மாமன் சீராக உன் பழைய ஜீப்புக்கு மாலை போட்டு, மேளத்தோடு ஊருக்குள் ஓட்டி வந்தாய். வைகாசியில் மருதுபாண்டி மாப்பிள்ளை அதில் செவ்வந்தியை உட்காரவைத்து தேவிபட்டினம் பாதையில் போகும்போது ஆடு குறுக்கே வந்திருக்கிறது, பிரேக்கை மிதித்திருக்கிறார். வண்டி இடப்பக்கம் வெட்டிப் போய்ப் பாலத்துக் கட்டைச் சுவரில் மோதியது. அஜாக்கிரதையாக ஓட்டிக் கொடுங்காயம் விளைவித்ததாக அவர் மேல் வழக்கு. அவர் அரசுப் பள்ளி வாத்தியார் என்பதை மறந்திருக்க மாட்டாய், தண்டனை ஆனால் வேலைக்கே கேடு. காலை இழந்தவளுக்குச் சோறு போடும் வேலை அது ஒன்றுதான். ஆய்வாளர் பிரேக்கையும் ஸ்டீயரிங்கையும் பார்த்துச் சரியாக உள்ளன என்று எழுதியிருக்கிறார். அது உண்மைதான், அவை சரியாகவே உள்ளன.

போலீசார் வண்டியை விடுவித்ததும் கட்டி இழுத்து ஏர்வாடியில் நீ வழக்கமாக வண்டியை விடும் முஹைதீன் பட்டறைக்குக் கொண்டுபோனேன். முதலில் டயரைப் பார்த்தேன். உட்புறம் மட்டும் தேய்ந்திருந்தது. ஷாக் அப்சார்பர் மேல் சந்தேகம் வந்து ஒரு மூலையை அமுக்கி விடச் சொன்னேன், ஒருமுறை எழும்பி நின்றுவிட்டது, ஆகவே அது இல்லை. சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி ஆட்டிப் பார்த்தோம், சக்கரம் திரும்பும் முளையான கிங் பின்னிலும் ஆட்டம் இல்லை. பிறகுதான் வண்டியின் பாரத்தைத் தாங்கும் கமான் பட்டையின் கண்ணுக்கு வந்தேன். பட்டை சட்டத்தோடு சேரும் இடத்தில் இருக்கும் ரப்பர் புஷ்ஷைச் சொல்கிறேன், அதுதான் அச்சை இருக்க வேண்டிய இடத்தில் பிடித்து நிறுத்துவது. மோதிய பக்கம் இடது, அதை வைத்து எதையும் தீர்மானிக்கக் கூடாது, மோதலில் போனது என்று எதிர்த்தரப்பு சொல்லிவிடும். எனவே அடிபடாத வலப்பக்கத்தில் கம்பியைக் கொடுத்து நெம்பச் சொன்னேன். பட்டை விரற்கடை அளவு நகர்ந்து டொக்கென்று விழுந்தது. புஷ்ஷுக்குள் கோத்திருக்கும் பின்னைக் கழற்றினால் ஒரு பக்கம் தேய்ந்து பளபளத்தது, அது ஒரு நாளில் வரும் தேய்மானம் அல்ல. ரப்பர் ஊதிப்போய், தொட்டால் கைக்கு மையாக வந்தது. இடப்பக்கம் அதைவிட மோசம். பிரேக் பிடித்தால் இடப்பக்க அச்சு பின்னுக்கு நகரும், வண்டி இடப்பக்கம் பாயும், எப்பேர்ப்பட்ட ஓட்டுநராலும் அந்த நொடியில் திருப்ப முடியாது. பின்பக்கத்துப் புஷ்கள் நான்கும் காய்ந்து உறுதியாக இருந்தன.

முன்பக்கத்தில் மட்டும் ரப்பர் எண்ணெயில் ஊறியது எப்படி என்று முஹைதீனைக் கேட்டேன். "வக்கீலய்யா, கூண்டுல ஏத்துன மாதிரில்ல கேக்குறீக, ஒரு டீயக் குடிச்சுட்டுக் கேளுங்களேன்" என்று சிரித்தான். நான் சிரிக்கவில்லை. உப்புக்காற்றுக்கு எல்லாரும் வண்டிக்கு அடியில் கழிவு ஆயில் அடிக்கிறதுதானே என்றான். அது உண்மை, இரும்புக்கு அது நல்லது, ரப்பருக்கு விஷம், ஆகவே புஷ்ஷில் படாமல்தான் அடிப்பார்கள் என்று அவனே எனக்கு ஒரு காலத்தில் சொல்லியிருக்கிறான். அதை நினைவூட்டியதும் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்: "காதுகுத்துக்கு மொத நாள் தம்பி வண்டியக் கொண்டாந்தாக. குழியில விழுந்தா டொக்கு டொக்குங்குதுன்னாக. முன்னாடி புஷ்ஷெல்லாம் போச்சு, மதுரையில இருந்து வரணும், மாத்தாம யாருக்கும் குடுத்துறாதீகன்னேன். ஏலே, மேளக்காரன் விடியக்காலம் வாரான், உன் புஷ்ஷு வார வரைக்கும் அவன் ஊதாம நிப்பானா, சத்தம் கேக்காமப் பண்ணி விடுன்னாக. டீசலும் கழிவு ஆயிலும் கலந்து ஊத்தி விட்டேன்." ஊற்றியவன் அவன், ஊற்றச் சொன்னவன் நீ. அவன் சாட்சி சொல்வதாக ஒப்புக்கொண்டான். பட்டறைப் பிழைப்பு போனாலும் போகட்டும் என்றான்.

மாப்பிள்ளையிடம், வண்டி ஒரு பக்கம் இழுப்பது தெரிந்ததா என்று கேட்டேன். தெரிந்தது, வீட்டில் எல்லாரும் அதற்கு இடப்பக்கக் கிறுக்கு என்று பேர் வைத்திருந்தோம் என்றார். பின் ஏன் பட்டறையில் காட்டவில்லை என்றேன். "சீராக் குடுத்த சேலைய வெளக்கு முன்னாடி பிடிச்சு இழை எண்ணுவாகளா மாமா? மச்சான் குடுத்த வண்டிய ஏத்திப் போட்டு அடியில படுத்துப் பாத்தா, ஊருக்குள்ள அவுகளுக்கு என்ன மருவாதி?" என்றார். உன் மரியாதைக்காக அவர் பார்க்கவில்லை. பார்க்க மாட்டார் என்பது உனக்குத் தெரியும். இதே வண்டியைச் சந்தையில் விற்றிருந்தால் வாங்குகிறவன் அடியில் படுத்துப் பார்த்திருப்பான், உன் டீசல் அங்கே செல்லுபடியாகி இருக்காது. தங்கை வீட்டில்தான் செல்லும் என்று தேர்ந்துகொண்டாய்.

மாப்பிள்ளையின் தாயார் ராக்கு, வருகிறவர்களிடமெல்லாம், "சீரு கொண்டாந்தவன் எங்க வீட்டுக் காலையும் சேத்துல்ல கொண்டு போயிட்டான்" என்கிறார். செவ்வந்தி அழுவதில்லை. அண்ணனுக்கு என்ன எழுதட்டும் என்று அவளைக் கேட்டேன். "அண்ணன் ஒவ்வொரு லீவுக்கும் எனக்கு நல்ல செருப்பா வாங்கியாரும்ல, இனிமே ஒத்தையா வாங்கியாரச் சொல்லுங்கய்யா, காசு மிச்சம்" என்றாள். சொன்னபடியே எழுதியிருக்கிறேன்.

இனி நீ செய்ய வேண்டியது. மஸ்கட்டில் இந்தியத் தூதரகத்துக்குப் போய், பழுது தெரிந்தே வண்டியைக் கொடுத்தேன், தெரியாமலிருக்கச் சத்தத்தை அடக்கினேன், மாப்பிள்ளையிடம் சொல்லவில்லை என்று உறுதிமொழிப் பத்திரம் எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பு. அதனால் உனக்கு வழக்கு வரலாம், வேலை போகலாம், பெண் பார்த்திருக்கும் இடம் பின்வாங்கலாம். எல்லாவற்றையும் யோசித்துத்தான் கேட்கிறேன். ஆவணி வாய்தாவுக்குள் பத்திரம் வராவிட்டால் நான் கூண்டில் ஏறுவேன். சாட்சியாகப் போகிறவன் வழக்கு நடத்தக் கூடாது என்பதால் மாப்பிள்ளையின் வக்காலத்தை வேறு வக்கீலிடம் கொடுத்தாயிற்று. நாகநாதன் உமக்கு என்ன உறவு என்று கேட்பார்கள், அதற்கும் மறைக்காமல் பதில் சொல்வேன். உன் பொருட்டு ஒரு சொல்லைக் கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன்.

வெயிலில் அலையாதே. வேளைக்குச் சாப்பிடு, வெறும் வயிற்றில் காபி குடிக்காதே. நீ நீண்ட ஆயுளோடும் குறையாத நினைவோடும் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன், தங்கை கட்டைக் காலோடு நடப்பதை நீ நெடுநாள் பார்க்க வேண்டும். பத்திரத்தில் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரையே எழுது, எழுத்து மாறினால் ஏற்க மாட்டார்கள்.

இந்தக் கடிதத்துக்கு முஹைதீனுக்கு அடுத்து இரண்டாம் சாட்சியாக என் குமாஸ்தா ராக்கப்பனை நினைத்திருந்தேன். உன் அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாதல்லவா, அவளுக்கு இதுவரை ஒன்றும் சொல்லாமல் வைத்திருந்தேன், இன்று முழுவதையும் வாசித்துக் காட்டினேன். மறுபடி வாசிக்கச் சொன்னாள். கிழித்துப் போடச் சொல்வாள் என்று நினைத்தேன். "பெத்தவ இருக்கையில வேத்தாளு எதுக்கு, அந்த மையை இங்கன தள்ளுங்க" என்றாள்.

இப்படிக்கு,
உன் தகப்பன்,
ராமசுப்பிரமணியன்

சாட்சிகள்:

1. முஹைதீன், பட்டறை, ஏர்வாடி (கையொப்பம்)

2. பஞ்சம்மாள், நாகநாதனின் தாய் (இடது பெருவிரல் ரேகை)