அறுபது அடிக்கு அடி இல்லை

2024 ஜூன் 11, செவ்வாய்

அலுவலகத்துக்குள் நுழையும்போதே ஹனீபா பாய் நின்றிருந்தார். ரெட்டைக்கிணற்றுத் தெருக்காரர், வாழைக்காய் வியாபாரி. கையில் ஒரு தண்ணீர் பாட்டில். என் மேசைமேல் வைத்து மூடியைத் திறந்தார்.

“மோந்து பாருங்க மேடம்.”

அழுகிய முட்டை வாடை.

வருடா வருடம் இந்தத் தொல்லைதான். ஜூன் பிறந்ததும் முதல் போகத்துக்குப் பெரியாற்றுத் தண்ணீரைத் திறந்துவிடுவார்கள். வயல்கள் நிறைந்தால் நிலத்தடி நீரும் ஏறிவிடும். அந்தத் தெரு பள்ளத்தில் இருக்கிறது. கக்கூஸ் குழிகள் எதிர்த்துப் பொங்கும், வீட்டுத் தரையெல்லாம் ஓதம் காக்கும், போர் தண்ணீர் கலங்கும். ஓடிப் போய்ப் பார்க்க வேண்டியவள் நான். பேரூராட்சியில் பணி மேற்பார்வையாளராகப் பத்தொன்பது வருடம். ஆனால் கலங்கலோடு வாடை வந்தது இதுதான் முதல் தடவை.

மாலை தெருவுக்குப் போனேன். போரிலிருந்து தெருத் தொட்டிக்குக் குடிதண்ணீர் ஏற்றும் ஒச்சாண்டி என்னைச் சாக்கடை ஓரம் கூட்டிக்கொண்டு போனார். போர் போட்ட இடத்திலிருந்து பதினைந்து அடி இருக்கும்.

“மோட்டாரப் போட்டா இங்கன சாக்கடை வத்துது மேடம். நிறுத்துனா நிக்குது. எங்க போகுதுன்னு தெரியல.”

எனக்குத் தெரியும். தெரியாதவள் மாதிரி குனிந்து பார்த்தேன். பாட்டிலில் தண்ணீர் பிடித்துச் சோதனைக்குத் தேனிக்கு அனுப்பிவிட்டு வந்தேன்.

ஜூன் 12, புதன்

இங்கேயாவது எழுதிவிடுகிறேன்.

அந்தச் சாக்கடையைக் கட்டியது 2021 ஐப்பசியில். நல்ல மழை. தெருவின் கீழ்ப்பகுதியில் தோண்டத் தோண்ட ஊற்று. இரண்டு நாள் மோட்டார் வைத்து இறைத்தும் வற்றவில்லை. “பக்கச் சுவர் நிக்குதுல்ல மேடம், அடிய வெயில் காலத்துல போட்டுக்கிறலாம்” என்றார் ஒப்பந்தக்காரர். மார்ச் முடிவதற்குள் வேலை முடிந்ததாகக் காட்ட வேண்டும் என்று மேலே இருந்து நெருக்குதல். அறுபது அடி நீளத்துக்கு அடியில் கான்கிரீட் கிடையாது. வெறும் மண். அளவுப் புத்தகத்தில் முழு நீளமும் போட்டதாக எழுதிக் கையெழுத்து வைத்தேன்.

வெயில் காலம் மூன்று போய்விட்டது. ஒவ்வொரு தடவையும் வேறு ஏதோ வேலை. அல்லது அப்படி நான் சொல்லிக்கொண்டேன்.

ஜூன் 14, வெள்ளி

முடிவு வந்துவிட்டது. மலக்கிருமி. குடிக்க உகந்ததல்ல.

செயல் அலுவலரிடம் காட்டினேன். படித்துவிட்டுத் தாளைக் கவிழ்த்து வைத்தார். “தொட்டிய மூடுனா எதுக்குன்னு கேப்பாங்க. ஒரு வாரம் குளோரின் கூடப் போட்டுப் பாருங்க” என்றார். தலையாட்டினேன். அவர் சொன்னதால் ஆட்டினேனா? மூடினால் தோண்டுவார்கள். தோண்டினால் என் கையெழுத்து வெளியே வரும். அவர் அப்படிச் சொல்லட்டும் என்று காத்திருந்தேனோ என்னவோ.

ஜூன் 17, திங்கள்

பக்ரீத். விடுமுறைதான், ஆனாலும் குளோரின் அளவு பார்க்கப் போனேன். பாய் வீட்டைத் தாண்டும்போது அவர் மனைவி சுபைதா அக்கா கையைப் பிடித்து உள்ளே இழுத்துவிட்டார். மருமகள் ரெஹானா மூச்சு வாங்கிக்கொண்டே வந்தாள். ஏழாம் மாதம். செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள்.

“இப்பத்தான் குடிச்சுட்டு வந்தேம்மா” என்றேன்.

பொய். நாக்கு ஒட்டிக்கொண்டிருந்தது.

நான் வேண்டாம் என்றதும் அவள் அதைத் தானே குடித்தாள். நான் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஜூன் 20, வியாழன்

வாடை இல்லை. குளோரின் நெடிதான்.

ஜூன் 26, புதன்

இன்று ஒச்சாண்டி வால்வுச் சாவியைத் திருகிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: “எங்க வீட்டுல இந்தத் தண்ணி எடுக்க வேணாம்னுட்டேன் மேடம். அன்னைக்குப் பாய் வீட்டுல நீங்களும் குடிக்கல. வாசல்ல நின்னு பாத்தேன்.”

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. யாரையும் கேட்காமல் தொட்டியைப் பூட்டி, ‘குடிக்கக் கூடாது’ என்று எழுதி ஒட்டினேன். லாரித் தண்ணீருக்குச் சொன்னேன். பெண்கள் குடத்தோடு வந்து சத்தம் போட்டார்கள். ஆற்றுத் தண்ணீர் நாலு நாளைக்கு ஒரு தடவைதானே வருகிறது, அதுவரை எதைக் குடிக்க என்று கேட்டார்கள். நியாயம்தான். என்ன கோளாறு என்று ஒருத்தர் கேட்டார். சோதனை நடக்கிறது என்றேன்.

முடிவு தெரிந்து பன்னிரண்டு நாள்.

ஜூலை 18, வியாழன்

ரெட்டைக்கிணற்றுத் தெருவில் மஞ்சள்காமாலை. நாலு வீடு. சுகாதாரத் துறை ஆட்கள் வந்து வீடு வீடாகக் கணக்கெடுத்தார்கள். கூடவே நானும் குறிப்பேட்டைத் தூக்கிக்கொண்டு நடந்தேன்.

ஜூலை 22, திங்கள்

ரெஹானாவுக்குக் கண் மஞ்சள். தேனி பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். தண்ணீரில் வரும் காமாலை கர்ப்பிணிக்கு வந்தால் மோசம் என்று சுகாதார ஆய்வாளர் சொன்னார். எத்தனை நாளில் வெளியே தெரியும் என்று கேட்டேன். ரெண்டு வாரமும் ஆகலாம், ரெண்டு மாதமும் ஆகலாம் என்றார்.

வந்ததிலிருந்து கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன். ஜூன் பதினாலுக்கு முன்னாலேயே அவள் உடம்பில் ஏறியிருக்கலாம். இருக்கலாம். பன்னிரண்டு நாளில் ஏதோ ஒரு நாளாகவும் இருக்கலாம். அந்தச் செம்பாகவும் இருக்கலாம். இது யாருக்கும் தெரியப்போவதில்லை.

ஜூலை 25, வியாழன்

பிள்ளை இறந்தே பிறந்தது. ஆண். ரெஹானாவுக்கு இன்னும் நினைவு தெளியவில்லை.

ஜூலை 27, சனி

ரெஹானா கண் விழித்துவிட்டாள் என்று தெரிந்த பிறகுதான் போனேன். அதற்கு முன் போக பயம். ஆஸ்பத்திரி வாசலில் வேப்பமரத்தடியில் பாய் தனியாக உட்கார்ந்திருந்தார்.

“பொழச்சுக்கிருவான்னு டாக்டரு சொன்னாக” என்றார். என்னை ஆறுதலுக்கு வந்தவள் என்று நினைத்து இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தார். நான் நின்றுகொண்டே சொன்னேன். சாக்கடை, கையெழுத்து, பதினாலாம் தேதி வந்த தாள். எல்லாவற்றையும்.

“பெருநா அன்னைக்கு எங்க வீட்டுக்கு வந்தீகளே. அன்னைக்குத் தெரியுமா?”

“தெரியும் பாய்.”

அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

“எங்கிட்டச் சொல்லி என்ன செய்ய? எழுதிக் குடுப்பீகளா?”

ஜூலை 28, ஞாயிறு

சர்ச்சில் பூசைக்குப் போகவில்லை. ஓடைப்பட்டித் தோட்டத்திலிருந்து வந்த கணவர் அருணிடம் சொன்னேன். அவருக்கும் இன்றுதான் தெரியும். “நீ மட்டுமா கையெழுத்துப் போட்ட? மேல மூணு பேரு போட்டிருக்காகள்ல” என்றார்.

போட்டிருக்கிறார்கள். ஆனால் குழிக்குள் இறங்கி மண்ணை மிதித்துவிட்டு வந்து போட்டவள் நான்தானே?

ஜூலை 29, திங்கள்

எழுதிக் கொடுத்துவிட்டேன். ஒன்றரைப் பக்கம். மாவட்ட அலுவலகத்துக்கு ஒரு நகல், பாய்க்கு ஒரு நகல். செயல் அலுவலர் படித்துவிட்டு, “உங்களுக்கு என்னம்மா வந்துச்சு” என்றார். கோபமாகக்கூட இல்லை, களைப்பாகக் கேட்டார். அவரைப் பார்க்கவும் பாவமாக இருந்தது.

ஆகஸ்ட் 7, புதன்

பணியிடை நீக்க உத்தரவு வந்தது. சாவிக்கொத்தையும் அளவுப் புத்தகங்களையும் ஒப்படைத்தேன். ஒச்சாண்டி பேருந்து நிலையம் வரை கூடவே வந்தார். மதியம் தூங்கினேன். எத்தனை மாதமாயிற்று இப்படித் தூங்கி.

ஆகஸ்ட் 21, புதன்

கடைத்தெருவில் சுபைதா அக்கா எதிரே வந்தார். என்னைக் கண்டதும் ரோட்டைக் கடந்து அந்தப் பக்கம் போய்விட்டார்.

செப்டம்பர் 12, வியாழன்

காலை பத்து மணிக்குப் பாயிடமிருந்து போன். ஆஸ்பத்திரியில் பார்த்த அன்றைக்குப் பிறகு அவர் பேசவே இல்லை.

“சாக்கடைக்கு அடி போடுறாக. எனக்கு அளவு தெரியாது. வாரீகளா?”

போனேன். தெருவில் இப்போது ஆற்றுத் தண்ணீர் ஒன்றுவிட்டு ஒரு நாள் வருகிறது. போரை நிரந்தரமாக அடைத்துவிட்டார்கள். கீழ்ப்பகுதியை முழுக்கத் தோண்டிப் போட்டிருந்தார்கள். இன்னும் ஊற்று சுரக்கிறது. மூன்று மோட்டார் விடாமல் இறைத்துக்கொண்டிருந்தன. மூன்று மோட்டார் இருந்தால் முடிகிற வேலைதான்.

பாய் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குழி ஓரம் குத்தவைத்திருந்தார். ஒரு கம்பியால் ஈரக் கான்கிரீட்டைக் குத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எம்புட்டு இருக்கணும்?”

“ஆறு அங்குலம் பாய்.”

செருப்பைக் கழற்றிவிட்டுக் குழிக்குள் இறங்கினேன். கம்பியை வாங்கிக் குத்தி, நனைந்த இடத்தில் விரல் வைத்து அளந்தேன். நாலரைதான் இருந்தது. இன்னும் ஊற்றச் சொன்னேன். கொத்தனார் சட்டியைக் கீழே வைத்தார்.

“மேடம், நீங்க சஸ்பென்ஷன்லதான இருக்கீக?”

“நாந்தான் வரச் சொன்னேன். நீ ஊத்து” என்றார் பாய்.

ஊற்றினார்கள். மறுபடி குத்தினேன். ஆறு. அடுத்த இடத்துக்கு நகர்ந்தேன். பாய் மேலே கரையிலேயே கூட நகர்ந்து வந்தார். நடுவில் ஒரு தரம் நிமிர்ந்தபோது மாடி ஜன்னலில் ரெஹானா நிற்பது தெரிந்தது. மெலிந்து, தலையில் முக்காட்டோடு, குழியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தலை குனிந்து கம்பியைக் குத்தினேன்.

ஐந்து மணிக்குக் கடைசிச் சட்டி விழுந்தது. அதுவரை நின்றேன்.