மூடியைத் தாங்கிய கம்பி

மேசையின் கீழ் இழுப்பறையைத் திறந்ததும் பழைய எண்ணெய் வாசனை எழுந்தது. வழக்குக் கட்டுகளுக்கு அடியில், துணியில் சுற்றி நான் வைத்திருந்த பித்தளைக் கம்பி. ஒரு சாண் நீளம். நீ தேடிக் கைவிட்டது இதைத்தான்.

உன்னிடம் ஒரு வாக்குமூலம் தர வேண்டியிருக்கிறது.

என் பெயரில் பதிவாகி உன் கையில் வாழ்ந்தது அந்தப் பழைய இத்தாலியக் கார். இந்த நகரில் அதுபோல் இன்னொன்றை நாம் பார்த்ததில்லை. ராயபுரத்துக் கொட்டகையில் நிறுத்தியபோது, உன்னோடு காசிமேட்டில் விசைப்படகு என்ஜின் பழுதுபார்ப்பவர்கள் சிரித்தார்கள். "இன்னா மாமு, காரா இது, சோப்பு டப்பாவா?"

"டப்பாதான். ஓடுறப்ப பின்னாடி வந்து பாரு" என்றாய்.

பின்பக்கம் இருக்கும் அந்தச் சிறு என்ஜினைக் குளிர்விப்பது காற்று மட்டுமே. பந்தயத்தில் ஓட்டுவதற்காக நீ அதை மாற்றியமைத்ததும் சூடு கூடியது. ஆகவே என்ஜின் மூடியைப் பாதி திறந்து, படகிலிருந்து கழித்த இந்தக் கம்பியை முட்டுக் கொடுத்தாய். திருவொற்றியூரில் ஒரு கிடங்கு வளாகத்துக்குள் ஓட்டிப் பார்க்க நான் எழுத்துமூலம் அனுமதி வாங்கினேன்.

"நாலு செவுத்துக்குள்ள ஓட்ட இன்னாத்துக்கு வக்கீலு லெட்டரு? அப்டியே காத்துக்கும் ஒரு மனு போட்டுடு!" என்று கிண்டலடித்தாய்.

பந்தய நாளில் விதித்தாளின் ஒரு வரி என்னை உறுத்தியது: பாகங்கள் அனைத்தும் உறுதியாகப் பொருத்தப்பட்டிருக்க வேண்டும். திறந்த மூடி அதற்கு முரணா? அதிகாரி பத்தடி தள்ளி நின்றார். கேட்டால் மறுத்துவிடுவாரோ என்று கேட்கவில்லை. நீ காருக்குள் தலைக்கவசம் மாட்டிக்கொண்டிருந்தபோது, கம்பியை உருவிப் பையில் போட்டு மூடியைச் சாத்தினேன். தகுதிநீக்கத்திலிருந்து உன்னைக் காப்பதாக எண்ணம். ஏழாவது சுற்றில், மூன்றாம் இடத்தில் வந்துகொண்டிருந்தபோது, என்ஜின் சூடேறி இறுகி நின்றது.

இறங்கி வந்து, சாத்திக் கிடந்த மூடியைப் பார்த்தாய். "கம்பி ஆடி வுய்ந்துகீது மாமு. நான்தான் சரியா முடுக்கல."

நான் பையின் வாயை இறுக மூடினேன். சாட்சிக் கூண்டில் எத்தனை பேரை இதே மௌனத்துக்காக மடக்கியிருக்கிறேன்!

என்ஜினை மறுபடி பிரித்துக் கட்டினாய். அதை ஓட்டிப் பார்க்கும் முன் உன் இதயம் நின்றுவிட்டது.

வரும் ஞாயிற்றுக்கிழமை நானே ஓட்டுகிறேன். பயிற்சி முடித்து, பந்தய உரிமமும் பெற்றுவிட்டேன். கடைசி இடமானாலும், உன்னிடமிருந்து நான் பறித்த சுற்றுகளை முடித்தே தீர்வேன்.

நேற்று காரைத் துடைக்கும்போதுதான் கவனித்தேன். மூடியைத் தாங்கப் புதிய கம்பி வைத்திருக்கிறாய். நட்டுப் போட்டல்ல, வெல்டிங் வைத்து. ஆடாமலிருக்க இரண்டு நட்டுகள் போதும். நீயோ எந்தக் கையும் கழற்ற முடியாதபடி செய்திருக்கிறாய். ஆக, உனக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தும் பழியை நீயே ஏற்றாய். அன்று மாலை எனக்கு டீயும் வாங்கித் தந்தாய்.

இன்று பந்தய அலுவலகத்தைத் தொலைபேசியில் கேட்டேன். "மூடி தொறந்திருக்கலாம் சார், ஆடக் கூடாது, அவ்ளோதான்" என்றார்கள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

படிவத்தில், மாற்றங்கள் என்ற தலைப்பின் கீழ் முதல் வரியாக எழுதினேன்: என்ஜின் மூடி, நிரந்தரமாகத் திறந்தது. இரண்டாம் வரியில் இந்தப் பித்தளைக் கம்பியையும் அறிவித்துவிட்டேன். ஸ்டியரிங்குக்கு எதிரே, இரண்டு நட்டுப் போட்டு முடுக்கியிருக்கிறேன். எட்டாவது சுற்றுக்குள் நுழையும்போது அது என் கண்ணெதிரே இருக்கும்.